கொடுத்த சைக்கிளும் ஓடுகிற சைக்கிளும்

நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து, அந்தப் பயணத்தைக் காட்டி நன்கொடை திரட்டி, அந்தப் பணத்தில் கிராமத்து மக்களுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் சுமார் இருபது ஆண்டுகளாக உலகில் பரவி வருகிறது. அப்படி ஒரு பயணத்தை இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்திலிருந்து கிளப்பினால், திரளும் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்தப் பேச்சுக்கு ஏற்ற மண் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை திறந்தது, 2012இல் டைம்லர் லாரி ஆலை, அதற்கு அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. அப்போலோ டயரும் இங்கேதான் உருள்கிறது. இரண்டு சக்கரத்திலிருந்து பத்துச் சக்கரம் வரை எது வேண்டுமானாலும் இங்கே பிறக்கும். பிறக்காதது சைக்கிள் ஒன்றுதான். அதற்கு அம்பத்தூர் போக வேண்டியிருந்தது. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949 முதல் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.யையும் அங்கே செய்து வந்தது. ஆனாலும் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எந்தக் கம்பெனி வாசலுக்காவது போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்தும் கொட்டகையின் கடைசியில், மோட்டார் சைக்கிள்கள் இடம் பிடித்தது போக மிச்சமிருக்கும் மூலையில், பத்து இருபது சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அவற்றை ஓட்டி வந்தவர்களைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் சைக்கிளுக்காக நன்கொடை திரட்டுகிற எவரும் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது. இது கேட்பதற்கு விநோதமாக இருக்கலாம். கணக்குப் போட்டால் விநோதம் தெளிந்துவிடும். ஐம்பது பேர் பயணம் போகிறார்கள், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் திரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ரூபாய். ஒரு சைக்கிள் ஐயாயிரம் என்றால் நூறு சைக்கிள். நல்ல காரியம்தான். ஆனால் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளுக்குள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. 2022 ஜூலையில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த விநியோகத்தில் மட்டும் சுமார் 6.35 லட்சம் சைக்கிள்கள், சுமார் 323 கோடி ரூபாய் செலவு. நம் நூறு சைக்கிளைப் போல ஆறாயிரம் மடங்கு, அதுவும் ஒரே ஆண்டில். எண்ணிக்கையில் போட்டி போடுகிற நன்கொடை இங்கே கடலில் கரைத்த பெருங்காயம். சைக்கிள் கொடுக்கிற வேலையை அரசு செய்துவிட்டது. கொடுத்த சைக்கிளை ஓடவைக்கிற வேலையை யாரும் செய்யவில்லை. பயணத்தின் பணம் போக வேண்டிய இடம் அதுவே.

இந்த முடிவை நான் காற்றிலிருந்து எடுக்கவில்லை. நன்கொடைச் சைக்கிள் இயக்கத்தின் சொந்த வரலாறே அதைத்தான் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அமெரிக்காவில் சைக்கிள் உதிரிபாகத் தொழிலில் இருந்த எஃப்.கே. டேயும் அவர் மனைவி லியா மிஸ்பாக் டேயும் 2005இல் ‘வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் களம் இலங்கை. வீடும் படகும் இழந்து, வேலைக்கும் பள்ளிக்கும் தொலைவாகிப்போன முகாம்களில் தங்கியிருந்தவர்களுக்கு அங்கே இருபத்து நான்காயிரம் சைக்கிள்களுக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்துப் போன இடம் ஜாம்பியா. அங்கே எய்ட்ஸ் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற தொண்டர்களுக்குச் சைக்கிள். அங்கேதான் பாடம் படித்தார்கள். கடையில் கிடைத்த சாதாரண சைக்கிள், மண் பாதையிலும் மூட்டைப் பாரத்திலும் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டது. ஆகவே தடித்த இரும்புச் சட்டமும், நூறு கிலோ தாங்கும் கேரியரும், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் வைத்து ஒரு வண்டியைத் தாங்களே வடிவமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பஃபலோ’. எருமை என்று யாராவது நம்மூரில் வண்டிக்குப் பெயர் வைத்தால் ஒன்றுகூட விற்காது. அங்கே அது பெருமைப் பெயர். வண்டியோடு நிற்காமல், ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிப்பெட்டி கொடுத்து, உதிரிபாகம் கிடைக்க வழி செய்தார்கள். இத்தகைய வேலைக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று பயணங்கள். கெய்ரோவிலிருந்து கேப்டவுன் வரை பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு 2003இல் தொடங்கிய ‘டூர் டாஃப்ரிக்’ போன்ற நெடும்பயணங்கள் தங்களுக்கென்று தனி அறக்கட்டளை வைத்து, போகிற வழியிலேயே சைக்கிள் கொடுத்துக்கொண்டு போயின.

ஜாம்பியாவில் இந்த வேலையை ஆராய்ச்சியாளர்கள் முறையாக அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருக்கிற பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில், பள்ளிக்குப் போகும் நேரம் சராசரியாக 35 விழுக்காடு குறைந்தது. பள்ளிக்கு வராமல் நிற்பது 27 விழுக்காடு குறைந்தது. தாமதமாக வருவதோ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது. இந்த எண்களைத்தான் நன்கொடை கேட்பவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். எடுத்துக் காட்டாத ஒன்று அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: சைக்கிள் போன ஒவ்வொரு பள்ளியிலும் அதைக் கண்காணிக்க ஊர்க்காரர்களின் குழு ஒன்று இருந்தது, பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஆகவே அந்த ஆராய்ச்சி அளந்தது வெறும் சைக்கிளை அல்ல. பஞ்சர் ஆனால் மறுநாளே ஒட்டித் தருகிற ஆள் பக்கத்தில் இருக்கும் சைக்கிளை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம், கிணறு வெட்டிக் கொடுப்பதற்கும் கயிறும் வாளியும் சேர்த்துக் கொடுப்பதற்கும் உள்ளது.

பீகார் இதற்கு மறுப்பாகத் தோன்றலாம். நிதீஷ் குமார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்க ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. மெக்கானிக் இல்லை, குழு இல்லை, பணம் மட்டும். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வு, அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியதாகவும் கண்டது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில் பலன் அதிகம். இது என் வாதத்தை உடைக்கிறதா? இல்லை. பீகார் கிராமத்தில் சைக்கிள்தான் அப்போதும் பொது வண்டி. ஆணும் பெண்ணும் வாத்தியாரும் பால்காரரும் அதில்தான் போனார்கள். அரச மரத்தடியில் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அரசு அவரை ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். நம் வட்டாரத்தில் அவர் எழுந்து போய்விட்டார்.

அவர் எப்படி எழுந்து போனார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் வாடகை சைக்கிள் கடை இருந்தது. நம்பர் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஆனால் அந்தக் கடையின் உண்மையான சொத்து வரிசையில் நின்ற சைக்கிள்கள் அல்ல, பின்னால் குந்தி உட்கார்ந்திருந்த மனிதர். டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டுப் போடுகிறவர். சக்கரத்தைக் கவிழ்த்துச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஸ்போக்கை ஒன்றுவிட்டு ஒன்று இறுக்கித் தளர்த்திக் கோட்டம் எடுக்கிறவர். ஆண்டுக்கு ஒருமுறை மொத்த வண்டியையும் பிரித்து, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவதற்கு ‘ஓவராயில்’ என்று பெயர். வீட்டுக்கு வீடு சொந்த வண்டி வந்ததும் வாடகை போயிற்று. வாடகை போனதும் கடை போயிற்று. கடையோடு ஆளும் போனார். இந்த வட்டாரத்தில் நிலமும் கடை வாடகையும் ஏறிய வேகத்தில், பஞ்சருக்குச் சில்லறைக் காசு வாங்குகிற தொழிலுக்குச் சாலையோரத்தில் இடம் மிஞ்சவில்லை. இருக்கிற பஞ்சர் கடைகளும் மோட்டார் சைக்கிளுக்கும் லாரிக்கும்தான். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற பெண்ணுக்கு, ‘அப்புறம் வாம்மா’ என்ற பதில்தான்.

அரசு கொடுத்த சைக்கிள் சாகும் விதம் இதுதான். பெரிதாக எதுவும் உடைவதில்லை. வால்டியூப் ஒன்று கிழியும், காற்று நிற்காது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மைப் பிடிக்கும். செயின் தளர்ந்து மேட்டில் கழன்று விழும், பாவாடையோ சுடிதாரோ கறையாகும். வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் நிற்கும். மழை ஒன்று பெய்தால் செயின் இறுகிவிடும். பிறகு கோழி ஏறி உட்காரும். ஐயாயிரம் ரூபாய்ச் சொத்து ஒன்று நூறு ரூபாய்ச் செலவுக்கு ஆள் இல்லாமல் துருப்பிடிப்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம். இலவசமாக வந்ததை மதிக்கத் தெரியவில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், பாதி விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடுகிற சைக்கிளை யாரும் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. நின்றுபோனதைத்தான் போடுகிறார்கள். அதைக் குணக்கேடு என்பது, பஸ் வராத நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது போல.

இனி அடுத்த கேள்வி. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் வீட்டுக்கு ஒன்று வந்தபிறகு, அதுவும் அவற்றைச் செய்கிற ஊரிலேயே, சைக்கிளைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? இதை லேசாகத் தள்ள முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 23 விழுக்காடு நடந்தும், 13 விழுக்காடு சைக்கிளிலும் போவதாகக் காட்டியது. அதற்குப் பிறகு மோட்டார் வண்டி பெருகியிருக்கிறது; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒரு வண்டி என்றால், வீட்டில் யாருக்கு? தவணை கட்டுகிற ஆணுக்கு. அவர் காலை ஷிஃப்டுக்கு எடுத்துப் போய்விட்டால் வீட்டில் மீதமிருப்பவர்கள் எல்லோரும் நடந்துதான் போகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற தொழிலாளிக்குத் தவணை கொடுப்பாரும் இல்லை. கம்பெனி பஸ் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் தூரத்து ஊரிலிருந்து ஆள் ஏற்றி வருகிற ஏற்பாடு. மூன்று கிலோமீட்டரில் இருக்கிற கிராமத்திலிருந்து துப்புரவு வேலைக்கும் கேன்டீன் வேலைக்கும் ஒப்பந்தத்தில் வருகிற அம்மாவுக்காக அது ஊருக்குள் திரும்பாது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்பதையும் 2022இல் இலங்கை காட்டியது. பங்க் வாசலில் நாள்கணக்கில் வரிசை நின்ற அந்த மாதங்களில் கொழும்பு அலுவலர்கள்கூட சைக்கிள் தேடி அலைந்தார்கள், விலை பல மடங்கு ஏறியது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடையில் சைக்கிளை வைத்தே வாழ்ந்து காட்டிய யாழ்ப்பாணத்துக்கு அது புதுச் செய்தியே அல்ல.

மகளிருக்கு இலவசப் பேருந்து இருக்கிறது என்பதும் சொல்லப்படுகிறது. 2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணம் பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் பேருந்து நிறுத்தம் வீட்டு வாசலில் இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கிய பெண்ணுக்கு ஊர் இன்னும் மூன்று கிலோமீட்டர் என்றால், டிக்கெட் மிச்சப்படுத்திய காசை ஷேர் ஆட்டோ வாங்கிக்கொள்ளும், அல்லது இருட்டில் நடை. இலவசப் பேருந்துக்கு எதிரியாகச் சைக்கிளை நிறுத்தாமல், அதன் கடைசித் துண்டாகச் சேர்க்க வேண்டும். நிறுத்தத்தில் பூட்டிவைக்க ஒரு கொட்டகை, அவ்வளவுதான் தேவை. பள்ளிப் பிள்ளைகள் விஷயமும் இப்படியே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் உறுதி முடிகிறது. தமிழக அரசின் சைக்கிளோ பதினோராம் வகுப்பில் வருகிறது. நடுவில் ஒன்பதும் பத்தும் வெறுங்காலில் நிற்கின்றன. பழைய சைக்கிள்களை ஓடவைத்தால், பன்னிரண்டு முடித்த அக்காவின் சைக்கிள் ஒன்பதுக்குப் போகும் தங்கைக்கு வந்து சேரும். புதிதாக வாங்க ஒரு பைசா வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர்களும் ஓடுகிற சைக்கிளால் பயன்பெறுவோர் வரிசையில் வருவார்கள்.

எங்கோ ஆப்பிரிக்காவைக் காட்ட வேண்டிய அவசியமே நமக்கு இல்லை, புதுக்கோட்டை இருக்கிறது. 1991இலும் 1992இலும் அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக் கொடுத்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். விவசாயக் கூலிகளும் கல் உடைப்பவர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் சைக்கிள் கற்றார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த இயக்கம் சைக்கிளை யார் தலையிலும் கட்டவில்லை. கற்றுக் கொடுத்தது, வாங்கக் கடன் ஏற்பாடு செய்தது. பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை என்றதும் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நடுவில் பார் இருந்தால் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த ஒரு விவரம் போதும். கையில் எடுத்தவர் தன் தேவைக்கேற்ப அதை வளைத்துக்கொண்டார். தானமாக வந்த பொருளை அப்படி வளைக்க மனம் வராது. புதுக்கோட்டையில் முதலில் மாறியது ஊராரின் கண். சைக்கிளின் எண்ணிக்கை அதற்குப் பின்னால் வந்தது. பீகாரிலும் தெருவில் ஒருத்தி மட்டும் போனால் வம்பு, முப்பது பேர் சேர்ந்து மணியடித்துக்கொண்டு போனால் அது பள்ளிக்கூட நேரம் என்றாகிவிடுகிறது.

பயணம் போகிறவர்கள் மேல் ஒரு வசை உண்டு. லட்ச ரூபாய்க் கார்பன் சைக்கிளில், ஒட்டிப் பிடித்த ஜெர்சியில், பின்னால் தண்ணீர் வண்டி வர, ஐயாயிரம் ரூபாய் சைக்கிளுக்குப் பிச்சை கேட்கிறார்கள். அந்தச் செலவை நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று. வசையில் பாதி நியாயம். தங்குமிடம், துணை வண்டி, பனியன், மேடை, பேனர் எல்லாம் திரட்டிய பணத்திலிருந்து போனால் அந்தப் பயணம் உல்லாசப் பயணம். நன்கொடை அதற்குப் போட்ட முகமூடி. ஆகவே போகிறவர் செலவு போகிறவர் பையிலிருந்து, திரட்டியது முழுவதும் வேலைக்கு என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். மற்றப் பாதி நியாயமில்லை. சும்மா கேட்டால் கொடுக்காதவர், தெரிந்தவர் ஒருவர் நான்கு நாள் வெயிலில் மிதிக்கிறார் என்றால் கொடுக்கிறார். பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவருக்கு வழிநெடுக மோர் ஊற்றுகிற நாட்டில் இந்த மனதை விளக்க வேண்டியதில்லை. உடம்பை வருத்திச் செய்கிற வேண்டுதலுக்கு நம்மிடம் தனி மதிப்பு உண்டு.

அதைவிடக் கனமான மறுப்பு, இது அரசின் கடமை, கம்பெனிகளின் கடமை, நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, ஆண்டுக்கு ஐந்து கோடி நிகர லாபமோ ஆயிரம் கோடி வியாபாரமோ உள்ள கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இந்த வட்டாரத்தின் ஆலைகளுக்கு அந்த வரம்பு ஒரு வரம்பே அல்ல. அவர்கள் பணத்தில் பள்ளிக்குக் கழிப்பறை வருகிறது, ஏரி தூர்வாரப்படுகிறது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணம் திறப்பு விழா நடத்தக்கூடிய பொருளை விரும்பும். நூறு புதுச் சைக்கிளை வரிசையாக நிறுத்தி ரிப்பன் கட்டிப் படம் எடுக்கலாம். வால்டியூப் மாற்றியதற்கு என்ன படம் எடுப்பது? படம் எடுக்க முடியாத செலவைச் செய்வதற்குத்தான் சிறு நன்கொடை வேண்டும். ஐந்து லட்சத்தில் நூறு பேருக்குப் புது வண்டி, அல்லது அதே பணத்தில் டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாற்றிப் பல நூறு வண்டிகளுக்கு ஓவராயில். இன்னொன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லாத அளவுக்கு. கையில் ஸ்பானர் பிடித்தே பிழைக்கிறவர்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரு போல்ட்டை எத்தனை இறுக்கம் இறுக்க வேண்டும் என்று அளந்து இறுக்குகிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள். அவர்களில் இருபது பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊராட்சிப் பள்ளி வளாகத்தில் உட்கார்ந்தால் கூலி மிச்சம். பிறகு ஊருக்கு ஒருவர் என்று பெண்களுக்கே பஞ்சர் ஒட்டவும் கோட்டம் எடுக்கவும் கற்றுக் கொடுத்து, கருவிப்பெட்டியும் முதல் சரக்கும் கொடுத்துவிட்டால் அது நன்கொடையிலிருந்து தொழிலாக மாறும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கிற ஊரில் அதற்குக் கணக்கு நோட்டு போடத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் சைக்கிளை ஓடவைத்து லாரிக்கு அடியில் அனுப்பியது போல ஆகும். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நடந்து போனவர்கள் மட்டும் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கன்டெய்னர் லாரிக்காக அகலப்படுத்தப்பட்டன. அகலம் வந்தது, நடுவில் தடுப்புச் சுவர் வந்தது. சுவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பள்ளிக்குப் போக, அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். இருமடங்கு தூரம் மிதிக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. எதிர்த்திசையில் ஓரமாக வரும். அந்த ஓரத்தில் லாரி நிற்கும். லாரியைச் சுற்ற நடுச்சாலைக்கு வரும். இதைக் காவல்துறை ‘தவறான திசை’ என்று எழுதிக்கொள்ளும். தவறான திசையை உண்டாக்கியது வரைபடம். சைக்கிள் பாதைக்கு அகலம் எவ்வளவு, எங்கே பிரிக்க வேண்டும் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் 1962இலேயே அளவு வகுத்தது, 2015இல் திருத்தி வெளியிட்டது. அளவு இல்லாத குறை அல்ல, அந்த அளவைக் கேட்பதற்குக் குரல் இல்லாத குறை. நெடும்பயணம் போகிறவர்களால் இதைச் செய்ய முடியும். லட்ச ரூபாய் சைக்கிள்காரர் ஒருவர், விடிகாலைக் காலிச் சாலையில் பறக்காமல், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பைக் கடந்து பார்க்கட்டும். எந்தத் திருப்பத்தில் ஓரம் முடிகிறது, எந்தப் பாலத்தடியில் விளக்கு இல்லை, எந்த வாசலில் லாரி வரிசை சாலையை விழுங்குகிறது என்று கிலோமீட்டர் போட்டுக் குறித்து நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுக்கட்டும். அவர் எழுதிய மனுவை அதிகாரி படிப்பார். ஒப்பந்தத் தொழிலாளி எழுதியதைப் படிக்காத அதே அதிகாரி. கசப்பான உண்மைதான்; அதையும் பயன்படுத்திக்கொள்வோம்.

வழியும் நான் யோசித்து வைத்திருக்கிறேன். ஒரகடத்தில் கிளம்பி, சிங்கப்பெருமாள் கோயிலில் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்து, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை. ஏறத்தாழ 350 கிலோமீட்டர், அவசரமில்லாமல் நான்கு நாள். போய்ச் சேர்ந்ததும் அங்கே மேடை வேண்டாம், மாலையும் வேண்டாம். 1992இல் இருபத்தைந்து வயதில் சைக்கிள் பழகியவர்களுக்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டிய கேள்விகள் மூன்று. உங்கள் சைக்கிள் எத்தனை ஆண்டு ஓடியது? எந்தப் பழுதில் நின்றது? அன்றைக்கு அதைச் சரிசெய்ய எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது?